101-க்கு அழைப்பதற்கு முன்னால்: தெருவில் தீத்தடுப்பு வேலையைத் தொடங்குபவர்களுக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 2023 ஜூலை 29 அன்று காலை ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். எந்தப் பொறியில் தொடங்கியது என்று பல நாட்கள் வாதம் நடந்தது. வாதமே தேவைப்படாத ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது: பட்டாசு, பக்கத்திலேயே அடுப்பெரியும் உணவகம், சுற்றிலும் வீடுகளும் கடைகளும். அந்த வழியாக நூறு முறையாவது போயிருப்பேன். ஒருமுறைகூட எனக்கு உறைத்ததில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. இறந்தவர்களில் பலர் தீபாவளிக்கு நாலு காசு சம்பாதிக்கப் போன இளைஞர்கள். அரூர் பக்கத்து அம்மாபேட்டை ஒரே நாளில் பல பிள்ளைகளைப் பறிகொடுத்தது.

நான் இரும்புச் சாமானும் பெயின்டும் விற்கிறவன். அந்த ஆண்டுக் கடைசியில் எங்கள் தெருக்காரர்கள் ஆறேழு பேர் சேர்ந்து தீத்தடுப்பு வேலையைத் தொடங்கினோம். சங்கமில்லை, பெயர்ப்பலகையில்லை, தலைவர் செயலாளர் இல்லை. (பதவி வைத்திருந்தால் முதல் சண்டையே அதில்தான் வந்திருக்கும்.) தங்கள் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு, நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வாசற்படி

ஊர்க்குறை எழுதப் போகிறவர் முதலில் தன் கடையைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவரை எங்கள் தெருவுக்கு அழைத்து வந்து, பெருமையாக என் கடையில் உட்காரவைத்தேன். அவர் மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்த தின்னர் டப்பாக்களைப் பார்த்தார். "மேலே யாராவது தூங்குகிறார்களா?" என்று மட்டும் கேட்டார். வேலைக்கார இளைஞர்கள் இரண்டு பேர் தூங்குகிறார்கள். இறங்க வேறு வழி கிடையாது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் டப்பாக்கள் பின்கட்டுக்குப் போயின.

மாடிப்படி புகைபோக்கி மாதிரி. கீழே பற்றினால் சூடும் புகையும் அதன் வழியாகத்தான் மேலேறும். மேலே இருப்பவர்களும் அதன் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். தீ விபத்தில் தீ தொடும் முன்பே புகையில் சாகிறவர்கள் ஏராளம். ஆகவே உங்கள் கட்டடத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: படிக்குக் கீழே என்ன இருக்கிறது, படியில் என்ன இருக்கிறது, இரண்டாவது வழி இருக்கிறதா, இருந்தால் பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது.

அடுத்து சமையல் எரிவாயு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தவழ்ந்து பள்ளமான மூலையில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். நாற்றம் வந்ததும் விளக்கைப் போட்டுப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஸ்விட்ச் போடும் பொறியே போதும். எரிகிற மின்விளக்கின் ஸ்விட்சை அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழையுங்கள். சிலிண்டரின் தலைப்பகுதியைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச் முடிய, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். "டி 27" என்றால் 2027 டிசம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனை செய்தாக வேண்டும். தேதி கடந்ததைக் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதில் உற்பத்தி ஆண்டு அச்சிட்டிருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். ஃபியூஸ் போனால் கனத்த கம்பியைச் சுற்றி வைப்பவர், தீயைத் தடுக்கும் ஒரே காவலாளிக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிறார்.

நோட்டோடு ஒரு நடை

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறக்கும் முன், மூன்று பேர் போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு அளவு டேப். முதல் நடையில் யாரையும் குறை சொல்லக் கூடாது, ஆலோசனையும் கூடாது. எழுதிக்கொள்வது மட்டும்.

தெருவின் மிகக் குறுகிய இடம் எத்தனை அடி? தீயணைப்பு வண்டி என்பது ஒரு லாரி. குப்பை லாரி எங்கே திணறுகிறதோ அங்கே இதுவும் திணறும். தாழ்ந்த வளைவு, தொங்கும் கேபிள், நிரந்தரமாகிவிட்ட தற்காலிகப் பந்தல், எப்போதும் அதே இடத்தில் நிற்கும் பழுதான வேன் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மரின் கீழே பெட்டிக்கடை இருக்கிறதா? பாட்டிலில் பெட்ரோல் விற்கிறார்களா? ஜவுளிக் கடைகளில், குறிப்பாக பர்கூர் போல மொத்த வியாபாரம் நடக்கும் இடங்களில், மாடிப்படியின் இரு பக்கமும் துணி மூட்டைகளை அடுக்கி ஆள் ஒருக்களித்து ஏறும் நிலை இருக்கும். ஷட்டரை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு தூங்கும் பணியாளர்கள் இருக்கிறார்களா என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ள முடியும்.

தண்ணீர் எங்கே என்பதை மறக்காதீர்கள். வண்டி கொண்டுவரும் சில ஆயிரம் லிட்டர், குழாயைத் திறந்துவிட்டால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பக்கத்தில் எந்தக் கிணற்றில், எந்தத் தொட்டியில் மறுபடி நிரப்பலாம், மோட்டார் சாவி யார் வீட்டில் என்பது அந்த நேரத்தில் தேடக்கூடிய விஷயமில்லை.

எங்கள் முதல் நடையில் நாற்பத்தொரு குறிப்புகள் வந்தன. அவற்றில் நான்கு என் கடையைப் பற்றியவை.

எந்த விதி, யாருடைய கதவு

எல்லாவற்றுக்கும் தீயணைப்புத் துறையே பொறுப்பு என்று நினைத்துத்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தீப்பாதுகாப்புக்கான தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) தருவது தீயணைப்புத் துறையின் வேலை. ஆனால் கட்டட அனுமதியும் கடை உரிமமும் நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ இருக்கின்றன. தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தொங்கும் மின்கம்பி மின்வாரியத்தைச் சேர்ந்தது. 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டாசுக் கடை உரிமம் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

பட்டாசு விதிகளை மட்டும் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துவைத்திருப்பது கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரு மாவட்டத்துக்காரர்களுக்கு நல்லது. 2025 பிப்ரவரியில்கூடக் கம்பைநல்லூர் அருகே பட்டாசு ஆலை வெடித்து மூன்று பெண்கள் இறந்தார்கள். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள்படி நிரந்தரப் பட்டாசுக் கடை தரைத்தளத்தில், செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தில் இருக்க வேண்டும். பரப்பு 9 முதல் 25 சதுர மீட்டர். நுழைவாயிலைத் தவிர ஓர் அவசர வழி; இரண்டு கதவுகளும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் சரக்கு வைத்திருக்கும் கடையிலிருந்து 15 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தீபாவளிக்குப் போடும் தற்காலிகக் கடைகள் தீப்பற்றாத பொருளால் ஆன கொட்டகையில், ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளியில், எதிரெதிராகப் பார்க்காமல் இருக்க வேண்டும். வீடு, பள்ளி போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். ஒரு தொகுப்பில் 50 கடைக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கு கூடாது. ஒயரில் தொங்கும் பல்பும் கூடாது.

இந்த எண்களைப் படிக்கும்போது அலுப்பாக இருக்கும். ஆனால் 3 மீட்டர் என்பதற்கும் கதவு வெளிப்பக்கம் திறப்பதற்கும் பின்னால் யாரோ செத்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியில் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிந்தது. கூரை வேய்ந்த பள்ளிகளை அதற்கு முன்பும் எத்தனையோ அதிகாரிகள் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

உணவகங்களுக்கு ஓர் எண் போதும். உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ எல்.பி.ஜி. வரைதான் வைத்திருக்கலாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ. ஆறாவது வந்தால் உரிமம் வேண்டும். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் எரிப்பது எண்ணிக்கை பார்க்காமலேயே தவறு.

பேச்சு முதலில், மனு பிறகு

இதுதான் கடினமான பகுதி. நாளை காலை அதே முகத்தில் விழிக்க வேண்டும், அதே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்க வேண்டும். அதனால் நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். முதலில் ஒருவர் தனியாகப் போய்ப் பேசுவார். பதினைந்து நாள் கழித்து இரண்டு பேர் போவார்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் எழுத்து.

தெருக்கோடியில் உணவகம் நடத்துகிற பெரியவர், சமையலறையின் பின்வழியில் எட்டு சிலிண்டர் வைத்திருந்தார். போன நண்பர் "இது சட்டப்படி குற்றம்" என்று ஆரம்பித்தார். "நீ என்ன, போலீஸா?" என்ற பதிலோடு பேச்சு முடிந்தது. இரண்டாம் முறை நானும் போனேன். சட்டத்தைப் பேசவில்லை. "அண்ணா, அடுப்பில் பற்றிக்கொண்டால் உங்கள் சமையல்காரர் எந்தப் பக்கம் ஓடுவார்?" என்று கேட்டேன். அவர் சமையல்காரரைக் கூப்பிட்டார். சமையல்காரர் சிலிண்டர்கள் நின்ற பக்கத்தைக் கைகாட்டினார். வேறு பக்கமே இல்லை. ஒரு மாதத்தில் கொல்லையில் கம்பிவலைக் கூண்டு வந்தது, உள்ளே நான்கு சிலிண்டர். எல்லாமே இவ்வளவு சுலபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம்; நாற்பத்தொன்றில் இன்னும் பன்னிரண்டு அப்படியேதான் இருக்கின்றன.

அபராதமும் சீல் வைப்பதும் தேவையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சுக்குப் பின்னால் ஓர் உரிமம் ரத்தாகும் வாய்ப்பு நிற்கிறது என்பது தெரிந்தால்தான் பலருக்கு அண்டைவீட்டுக்காரர் சொல் காதில் விழுகிறது. அதேசமயம் அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர். அவர் வரும் நாளில் படி காலியாக இருக்கும். மற்ற 364 நாளும் அந்தப் படியைப் பார்க்கிறவர்கள் எதிர்க்கடைக்காரர்கள்தான்.

மனு எழுதும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: சரியான இடம், அளந்த அளவு, என்ன செய்யக் கேட்கிறீர்கள் என்பது. "பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து, உடனடி நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடியும் மனு கோப்பில் தூங்கும். "மேற்படி கட்டடத்தின் பின்பக்க வழி 2 அடி 4 அங்குலம், அதில் நிரந்தரமாக ஜெனரேட்டர் நிறுத்தப்பட்டுள்ளது, அதை அகற்ற உத்தரவிட வேண்டுகிறோம்" என்று எழுதினால், யாராவது வந்து டேப் பிடித்தே ஆக வேண்டும். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கிராமம் என்றால் கிராமசபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். ஒரு கடைக்கு உரிமம் உண்டா என்பதே சந்தேகமென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மொட்டைக் கடிதம் மட்டும் வேண்டாம். தெருவில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்படத் தொடங்கினால் இந்த வேலையே அதோடு முடிந்தது.

ஊர்ப்புறத்தில் வேறு கணக்கு

நகரத்தில் சிலிண்டர் என்றால் கிராமத்தில் வைக்கோல். அளவுக்கு மீறி ஏற்றிய வைக்கோல் லாரி மின்கம்பியில் உரசி எரிந்தது என்ற செய்தி நம் பக்கத்தில் கோடை தோறும் வரும். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கம்பி வெயிலில் நீண்டு தொய்யும். சாலையோ ஒவ்வொரு முறை போடும்போதும் உயரும். பாரமோ ஓட்டுநரின் ஆசையளவு ஏறும். ஊருக்குள் நுழையும் இடங்களில் கம்பி எங்கெங்கே தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது, ஊர்க் குழு செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை.

ஈரம் உலராத வைக்கோலைப் போர் போட்டாலும் ஆபத்துதான். உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடு ஏறும். வெளியேற வழியில்லாமல் அதுவே ஒருநாள் புகையத் தொடங்கும். "யாரோ கொளுத்திவிட்டார்கள்" என்று பங்காளி மேல் பழி விழுந்த சில போர்களில் குற்றவாளி இந்த ஈரமாகக்கூட இருந்திருக்கலாம். போரை வீட்டுக் கூரையிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். ஒரே பெரிய போருக்குப் பதில் இடைவெளி விட்டு இரண்டாகப் போட்டால் ஒன்றாவது மிஞ்சும். தென்னைநார் ஆலைகளில் நார்க்கழிவுக் குவியல் மேலே அணைந்து உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் அடித்ததோடு விட்டுவிடாமல் கிளறிப் பார்க்க வேண்டும்.

திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் நடக்கும் பந்தலைக் கீற்றால் போடுகிறார்கள். அதே திடலில் தீமிதிக்கும் குழி வெட்டுகிறார்கள், இரவில் வாணவேடிக்கையும் விடுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கும்படி விழாக் குழுவிடம் கேட்கலாம். தண்ணீர் டேங்கர் ஒன்றையும் நிறுத்தச் சொல்லலாம். கோயில் காரியத்தில் தலையிடுகிறாயா என்று கேட்பார்கள். விழாக் குழுவிலேயே ஒருவரை முதலில் உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டால் அந்தக் கேள்வி வராது.

நிலையத்தை அழைத்து வாருங்கள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் மாண்டதன் நினைவு. அந்த வாரத்தில் அவர்களுக்கு அழைப்புகள் நிறைய. மற்ற மாதங்களில் கடிதம் கொடுத்துக் கேட்டால் உங்கள் தெருவுக்கே வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள். அணைக்கும் கருவியைக் குறைந்தது ஐந்து பேர், அதிலும் பெண்களும் சமையல்காரர்களும், தங்கள் கையால் பிடித்துப் பார்க்கட்டும். ஆறு கிலோ பவுடர் கருவி பதினைந்து இருபது விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அதை நெருப்பின் உச்சியில் அடித்து வீணாக்க மாட்டார், அடியில் அடிப்பார். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும்; எரியும் எண்ணெய் அதோடு கூரைக்குப் பாயும். மூடியால் மூடி அடுப்பை அணைப்பதே சரி.

வண்டி தெருவுக்குள் வந்துபோவதே ஒரு சோதனை. எங்கள் தெருவில் அது திரும்ப முடியாமல் பின்னோக்கி வெளியேறியதைப் பார்த்த பிறகுதான், மூன்று மனுக்களுக்கு அசையாத ஒரு கூரை நீட்டம் தானாக உள்ளே போனது.

தீப்பிடித்துவிட்டால்

101 அல்லது 112. நம் மாவட்டங்களில் முகவரி சொல்வது தனிக் கலை. பாதி ஊர்களுக்கு ஒரு குடும்பத் தலைவர் பெயரோடு "கொட்டாய்" என்று பெயர். அதே பெயரில் அடுத்த ஊராட்சியிலும் ஒரு கொட்டாய் இருக்கும். பதற்றத்தில் கொட்டாய்ப் பெயரை மட்டும் சொன்னால் வண்டி வேறு கொட்டாய்க்குப் போய் நிற்கும். ஊராட்சி, பிரதான சாலை, எந்தக் கிலோமீட்டர் கல் அல்லது கோயிலருகே திரும்ப வேண்டும், என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்ற வரிசையை இப்போதே ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அழைத்ததும் ஒருவரைச் சாலைத் திருப்பத்துக்கு அனுப்புங்கள், இரவென்றால் டார்ச்சோடு. மற்றொருவர் மெயின் ஸ்விட்சை நிறுத்தட்டும். வெளியே வந்தவர் சாமான் எடுக்க உள்ளே திரும்பக் கூடாது.

எங்கள் நடை இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. கடந்த முறை உணவகத்துப் பெரியவரும் வந்தார், நோட்டைத் தானே வாங்கிக்கொண்டார். என் கடைப் பின்கதவுக்கு முன்னால் புதிதாக வந்திறங்கிய அலுமினிய ஏணிகளைச் சாய்த்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் டேப்பை நீட்டி அளந்தார், எழுதினார், பதினைந்து நாள் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.